ஒரே வாரத்தில் மூன்று எச்பி: எங்கே பார்ப்பது, எதை நம்புவது?

என் நாத்தனார் கடலூர் முதுநகரில் இருக்கிறாள். வீட்டிலேயே தையல் வேலை. நாலைந்து மாதமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மத்தியானத்துக்கு மேல் மிஷினை மிதிக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் நடந்த இலவச முகாமில் விரலில் குத்தி எச்பி, அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, பார்த்தார்கள்: 9.4. பயந்துபோய் துணை சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே நர்ஸம்மா பார்த்தபோது 10.3. இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று தனியார் லேபில் கொடுத்தாள். அங்கே 10.9. இதெல்லாம் ஒரே வாரத்துக்குள். இரவு போன்.

"எது அண்ணி நெசம்?"

மூன்றுமே ஏறக்குறைய நிஜம்தான் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் அதுதான் பதில். அளக்கிற வழி மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். புதுச்சேரி அரியாங்குப்பத்தில் எங்கள் தெருவிலும் இதே குழப்பம் பலருக்கு உண்டு. சும்மா கிடைக்கிற முகாம் போதுமா, மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்பதா, காசு கொடுத்து லேபுக்குப் போவதா, வீட்டுக்கே ஆள் வரவழைப்பதா, ஜிப்மருக்கே போய்விடுவதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை இருக்கிறது.

எத்தனைக்குக் கீழே போனால் சோகை?

ஹீமோகுளோபின் என்பது ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும், இரும்பு கலந்த புரதம். நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுக்கக் கொண்டுபோய் இறக்குகிறது. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் அது எத்தனை கிராம் என்பதுதான் நாம் "பத்து பாயிண்ட், பதினோரு பாயிண்ட்" என்று சொல்லும் கணக்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஆண்களுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11. இதற்குக் கீழே போனால் ரத்தசோகை. 2024ல் வெளியிட்ட திருத்தத்தில், கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் 10.5 என்று இறக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகமாகி, எண் இயல்பாகவே சற்று இறங்கும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 11 முதல் 11.9 வரை லேசான சோகை, 8 முதல் 10.9 வரை நடுத்தரம், 8க்குக் கீழே கடுமை. கர்ப்பிணிக்கு 7க்குக் கீழே கடுமை.

நாத்தனாரின் மூன்று எண்களையும் இதில் வைத்துப் பார்த்தால் மூன்றும் நடுத்தரத்தில்தான் விழுகின்றன. 9.4 என்று பயப்படவும் வேண்டாம், 10.9 என்று நிம்மதியடையவும் வேண்டாம் என்றேன்.

இது அபூர்வமான நோயும் அல்ல. 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியா முழுக்க 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். அந்த ஆய்வும் விரல் நுனி ரத்தத்தை வைத்துத்தான் எடுக்கப்பட்டது.

எதை வைத்து எடை போடுவது?

இடத்தை முடிவு செய்யும் முன் கேள்வியை முடிவு செய்ய வேண்டும். எச்பி பார்க்கப் போகிற எல்லாரும் ஒரே கேள்வியோடு போவதில்லை. "எனக்குச் சோகை இருக்கிறதா?" என்பது ஒன்று. "இருக்கிறது, ஏன் வந்தது?" என்பது இரண்டாவது. "மாத்திரை சாப்பிடுகிறேனே, ஏறுகிறதா?" என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குப் போதுமான சோதனை இரண்டாவதற்கு உதவாது. மூன்றாவதற்கு, சோதனை எவ்வளவு நுட்பமானது என்பதைவிட, போன தடவை பார்த்த அதே இடமா என்பதுதான் முக்கியம்.

அடுத்து ரத்தம் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள்: விரல் நுனியா, முழங்கை மடிப்பில் நரம்பா? எண் மட்டும் தருகிறார்களா, கூடவே அணுக்களின் அளவையும் சொல்கிறார்களா? சீட்டைப் பார்த்து "இதைச் செய்" என்று சொல்ல அங்கே ஒரு டாக்டர் இருக்கிறாரா? கடைசியாகச் செலவு. இதில் லேப் பில் சிறுபகுதிதான். ஒரு நாள் கூலி, பஸ், மறுநாள் ரிசல்ட் வாங்க இன்னொரு நடை, குழந்தையை யாரிடம் விடுவது, எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. முந்திரி உடைக்கப் போகும் பெண்ணுக்கு இலவச டெஸ்ட்டின் விலை அன்றைய கூலி.

விரல் நுனியில் ஒரு சொட்டு

முகாம், பள்ளிக்கூடம், அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம் ஆகிய இடங்களில் நடப்பது இதுதான். 2018ல் தொடங்கிய ரத்தசோகை இல்லா பாரதத் திட்டத்தில் கையடக்க டிஜிட்டல் மீட்டரைப் பரவலாக்கினார்கள். அதற்கு முன்பு சாலி முறை. ரத்தத்தில் அமிலம் கலந்து, தண்ணீர் விட்டு விட்டு, பக்கத்திலிருக்கும் கண்ணாடியின் பழுப்பு நிறத்தோடு கண்ணால் ஒப்பிட வேண்டும். பார்ப்பவரின் கண்ணுக்கும் அறையின் வெளிச்சத்துக்கும் தகுந்தபடி எண் மாறும். மீட்டர் வந்தபிறகு அந்தத் தொல்லை போனது.

ஆனால் சொட்டு எடுக்கும் விதம் இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது. சொட்டு வரவில்லை என்று விரலை நசுக்கிப் பிழிந்தால், ரத்தத்தோடு திசுநீரும் வந்து கலந்து எண்ணைக் குறைத்துவிடும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஸ்பிரிட் காயும் முன் குத்தக் கூடாது. வரிசையில் இருநூறு பேர் நிற்கும்போது இதெல்லாம் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நாத்தனாரைக் கேட்டேன். "நல்லா அமுக்குனாங்க அண்ணி, வலிச்சுது" என்றாள். 9.4 எப்படி வந்திருக்கும் என்பதற்கு அது ஒரு குறிப்பு.

சோகையைக் கண்டறிய, கை நரம்பில் எடுத்த ரத்தத்தைத் தானியங்கி எந்திரத்தில் பார்ப்பதையே உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைக்கிறது. அதற்காக விரல் நுனியை ஒதுக்கிவிட வேண்டாம். எந்தத் தொந்தரவும் சொல்லாத வளரிளம் பெண், மாதாமாதம் போகும் கர்ப்பிணி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போன்றவர்களைச் சலித்தெடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நர்ஸம்மா இரும்புச்சத்து மாத்திரையையும் அங்கேயே கையில் கொடுத்துவிடுவார். கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, பழகிய நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் பார்த்து அட்டையில் எழுதும் எண் வரிசைக்கு ஒரு மதிப்பு உண்டு. ஒருமுறை பார்த்த துல்லியமான எண்ணைவிட அந்த வரிசை அதிகம் சொல்லும்.

மறைந்திருக்கும் செலவு இதுதான்: "பரவாயில்லை, 12.2" என்று முகாமில் சொன்னதை நம்பி, மூச்சு வாங்குவதையும் கிறுகிறுப்பையும் ஆறு மாதம் தள்ளிப்போடுவது. உடம்பு ஒன்று சொல்லி மீட்டர் வேறொன்று சொன்னால் உடம்பை நம்புங்கள்.

அரசு மருத்துவமனை

இங்கே எண்ணோடு டாக்டரும் கிடைக்கிறார். மேம்படுத்தப்பட்ட பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இப்போது அணுக்களை எண்ணும் எந்திரம் இருக்கிறது. உங்கள் நிலையத்தில் இருக்கிறதா, எந்த நாளில் ரத்தம் எடுப்பார்கள் என்று நர்ஸம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நடை மிச்சம். கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனை. புதுச்சேரிப் பக்கம் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி மருத்துவமனை.

காசு செலவு கிட்டத்தட்ட இல்லை. நேரச் செலவு உண்டு. ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒன்று, ரத்தம் கொடுக்க ஒன்று, மாத்திரைக்கு ஒன்று. ரிசல்ட் கைக்கு வரும்போது டாக்டர் கிளம்பியிருந்தால் மறுநாளும் வர வேண்டும். ஆனாலும் மாதவிடாய் அதிகம் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். சோகைக்குக் காரணம் தேடும்போது ஸ்கேன், மகளிர் மருத்துவர், தேவைப்பட்டால் நரம்பில் ஏற்றும் இரும்பு ஊசி என்று ஒவ்வொன்றாக வரும். வெளியே இவற்றுக்குச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

ஜிப்மரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் பல்வலிக்குக்கூட கோரிமேட்டுக்கு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. எச்பி பார்க்க மட்டும் அங்கே போவது, உப்பு வாங்கச் சென்னைக்குப் போவது மாதிரி. மாத்திரைக்கு அசையாத சோகை, பரம்பரை ரத்தக்குறைபாடு என்ற சந்தேகம், எலும்பு மஜ்ஜையைப் பார்க்க வேண்டிய நிலை போன்றவற்றுக்கு அது சரியான இடம். கையில் முந்தைய சீட்டுகளோடு, டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தனியார் லேபில் சி.பி.சி.

சி.பி.சி. என்றால் முழு ரத்த அணுக் கணக்கு. "எச்பி மட்டும் பாருங்க" என்று கேட்காமல் சி.பி.சி. கேட்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்க்குள்தான் இருக்கும். கிடைக்கும் தகவல் பல மடங்கு. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்.

சீட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80 முதல் 100 வரை இயல்பு. 80க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன. நம் ஊரில் பெரும்பாலும் அதற்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. 100க்கு மேலே என்றால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு இருக்கலாம். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த வரியைக் கவனிக்க வேண்டும். இரண்டு குறையும் சேர்ந்தே இருந்தால் சிறியதும் பெரியதும் கூட்டிக் கழித்து எம்.சி.வி. இயல்பாகத் தெரியும். அப்போது ஆர்.டி.டபிள்யூ. என்ற வரி, அதாவது அணுக்கள் அளவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற கணக்கு, ஏறியிருக்கும்.

நாத்தனாரின் சீட்டில் எம்.சி.வி. 71. சிவப்பணு எண்ணிக்கை 4.7 மில்லியன். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 15 வருகிறது. இந்த வகுத்தலுக்கு மென்ட்சர் குறியீடு என்று பெயர். 13க்கு மேலே வந்தால் இரும்புக் குறைவின் பக்கம் சாயலாம். கீழே வந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக்குறைபாட்டின் மரபுக்கூறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அது ஜோசியம் மாதிரி ஒரு கைக்கணக்குதான், முடிவு சொல்லாது. ஆனால் மூன்று இடங்களில் பார்த்ததில் "ஏன்" என்ற கேள்விக்கு முதன்முதலாக ஏதோ பதில் சொன்னது இந்தச் சீட்டுதான்.

குறை என்ன? லேபில் டாக்டர் இல்லை. தடித்த எழுத்தில் அச்சான ஒவ்வொரு எண்ணையும் பார்த்து வீட்டில் கூட்டம் போட்டுக் கவலைப்படுவது ஒரு செலவு. அந்தச் சீட்டோடு டாக்டரிடம் போக இன்னொரு ஃபீஸ். லேபுகளின் தரத்தைப் பார்த்துத் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேபா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். எச்பிஏ1சி என்பது வேறு. அது மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு. "எச்பி ஏழுதான் இருக்கு" என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கலங்கிப் போயிருந்தார். பார்த்தால் சர்க்கரைச் சீட்டு. இன்னொரு தொடர்பும் உண்டு: இரும்புக் குறைவு இருந்தால் அந்த எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம்.

வீட்டுக்கே வந்து எடுப்பவர்கள்

நடக்க முடியாத மாமியார், பச்சைக் குழந்தையோடு இருப்பவள், ஷிஃப்ட் வேலைக்காரர் ஆகியோருக்கு இது வரம்தான். ஆனால் மாதிரி எங்கே ஓடும் என்று கேளுங்கள். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் ஊருக்குள்ளேயே சில மணி நேரத்தில் எந்திரத்துக்குப் போனால் கவலையில்லை. பைக் பெட்டியில் வெயிலில் சுற்றி, இரவு வண்டியேறி வெளியூர் போய் மறுநாள் ஓடினால், எச்பி பெரிதாக மாறாது. ஆனால் சிவப்பணுக்கள் ஊதிப்போய் எம்.சி.வி. கூடிவிடும். சிறுத்த அணுக்களை இயல்பாகக் காட்டிவிடும். எதற்காக சி.பி.சி. எடுத்தோமோ அதுவே கெட்டுப்போகும்.

அப்புறம் அந்தப் பேக்கேஜ். எழுபது டெஸ்ட், பாதி விலை. எழுபதில் ஏதாவது நாலு தடித்த எழுத்தில் வரத்தான் செய்யும். அதைத் துரத்திக்கொண்டு போகும் செலவு பேக்கேஜ் விலையில் சேராது.

மீட்டர், ஆப், ரத்ததானம்

சர்க்கரைக்குப் போல வீட்டில் எச்பி மீட்டர் வாங்கலாமா என்றால், வேண்டாம். விலை ஆயிரக்கணக்கில். ஸ்ட்ரிப் தனி, அதற்குக் காலாவதித் தேதி உண்டு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், எச்பி நாளுக்கு நாள் தாவுவதில்லை. மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் பார்க்க எதுவுமில்லை. கண் இமையை, நகத்தைப் படமெடுத்து எண் சொல்லும் போன் ஆப்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். "ரத்ததானம் கொடுத்தேன், எடுத்துக்கொண்டார்களே" என்பதும் பாதி உண்மைதான். அங்கே 12.5 இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். இருந்தாலும் சேமிப்பு இரும்பு காலியாக இருக்கலாம்.

| வழி | கிடைப்பது | தெரியாத செலவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|
| விரல் நுனி | எண் மட்டும் | தவறான நிம்மதி அல்லது பயம் | தொந்தரவு இல்லாதவர், கர்ப்பிணியின் மாதப் பார்வை |
| அரசு மருத்துவமனை | எண், டாக்டர், மாத்திரை, ஸ்கேன் | ஒன்றிரண்டு நாள் கூலி | காரணம் தேட வேண்டியவர், கர்ப்பிணி |
| தனியார் சி.பி.சி. | அணுக்களின் முழுக் கணக்கு | டாக்டர் ஃபீஸ் தனி | அறிகுறி உள்ளவர், வேலையை விட முடியாதவர் |
| வீட்டுச் சேகரிப்பு | அதே சி.பி.சி. | தாமதம், பேக்கேஜ் | வெளியே போக முடியாதவர் |
| வீட்டு மீட்டர் | எண் மட்டும் | ஸ்ட்ரிப், தினக்கவலை | கிட்டத்தட்ட யாருக்கும் இல்லை |

ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்ப்பதா?

நம் இரும்புச் சேமிப்பைச் சொல்வது ஃபெரிட்டின். அரிசிப்பானை போல நினைத்துக்கொள்ளுங்கள். பானை காலியாகிக்கொண்டே வரும்போதும் சாப்பாடு நடந்துகொண்டுதான் இருக்கும். பானை வறண்ட பிறகுதான் தட்டில் தெரியும். எச்பி என்பது தட்டு. ஊறவைத்த அரிசியை, சிலேட்டுக் குச்சியை, திருநீற்றை மென்றுகொண்டே இருக்கும் பெண்ணுக்கு எச்பி இன்னும் 12க்கு மேலே இருந்தாலும் பானையைப் பார்த்துவிடுவது நல்லது. அந்த ஆசையே இரும்புக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம்.

பெரியவர்களில் ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் இரும்பு தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார நிறுவன அளவு. 30க்குக் கீழேயே சிகிச்சை தொடங்கும் டாக்டர்களும் உண்டு. காய்ச்சல், தொற்று, வீக்கம் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். அதனால் சிக்குன்குனியா வந்து எழுந்த வாரத்தில் கொடுக்காதீர்கள். மாத்திரை தொடங்கும் முன் கொடுத்துவிடுங்கள். பிறகு பார்த்தால் கணக்குக் குழம்பும்.

இதன் விலை சி.பி.சி.யைப் போல இரண்டு மூன்று மடங்கு. எல்லாருக்கும் தேவையில்லை. மாதவிடாய் வயதில், எம்.சி.வி. குறைந்து, சோகையும் தெளிவாக இருந்தால், பல டாக்டர்கள் நேராக மாத்திரை கொடுத்து ஒரு மாதம் பார்ப்பார்கள். எச்பி ஒரு கிராமாவது ஏறினால் அதுவே பதில். ஏறாவிட்டால்தான் மேல் சோதனை. ஆனால் ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இந்தக் குறுக்குவழி கூடாது. அவர்களுக்கு இரும்பு குறைகிறது என்றால் வயிற்றிலோ குடலிலோ எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். மூலம், அல்சர், வலிமாத்திரை, சில சமயம் புற்றுநோய். டானிக் குடித்து எண்ணை ஏற்றிவிட்டால் காரணம் மறைந்துகொள்ளும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, மயக்கம் வருகிறது, இரும்பு மாத்திரை எடுக்காமலே மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது என்றால், இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். நேராக அவசரப் பிரிவு.

நாத்தனாரின் கதைக்கு வருகிறேன். நான்காவது இடம் தேடாமல், சி.பி.சி. சீட்டோடு மஞ்சக்குப்பம் போகச் சொன்னேன். ஒரு நாள் தையல் போனது. மாதவிடாய் எத்தனை நாள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "ஏழெட்டு நாள், அது எப்பவுமே அப்படித்தானே" என்றிருக்கிறாள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் சிறு கட்டி. அதற்குத் தனியாக வைத்தியம் நடக்கிறது. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தவளை, எலுமிச்சைச் சாற்றோடு எடு, டீயை ஒரு மணி நேரம் தள்ளிவை என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு மாதம் கழித்து அதே லேபில், அதே சி.பி.சி. 12.1. அன்று இரவும் போன்.

"பன்னெண்டு தாண்டிடுச்சு அண்ணி. மாத்திரைய நிறுத்திடட்டுமா?"

"தட்டு நிறைஞ்சிருக்கு. பானை இன்னும் காலிதான். மூணு மாசம் சாப்பிடச் சொன்னாங்கல்ல, சாப்பிடு."